முடிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதைவிட அது மேல். ஒரு மருத்துவமனைக் குழுவில் உட்கார்ந்து நான் ஒரு தப்புச் செய்தேன். அது உறுத்துகிறது. மற்றவர்களுக்கு ஏதாவது உறுத்தினால் தூக்கம் வராமல் புரண்டு படுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். எழுத்தாளனுக்கு உறுத்தினால் வேறு யாராவது அதைப் படித்தாக வேண்டும்.

குழு எதற்கென்று சொல்கிறேன். உயிரோடு இருப்பவர் ஒருவர் சிறுநீரகம் தானம் கொடுக்க வந்தால், மனமொப்பித்தான் கொடுக்கிறாரா, யாராவது மிரட்டினார்களா, விலை பேசினார்களா என்று விசாரிக்க நான்கு பேர். தலைவராக ஒரு பெரிய டாக்டர். ஒரு வக்கீல். ஒரு சமூக சேவகி. நான்காவதாகப் ‘பொதுமக்கள் பிரதிநிதி’ ஒருவர் வேண்டும் என்று விதி சொல்கிறது. பொதுமக்களில் யாருக்கும் செவ்வாய்க்கிழமை காலையில் நேரம் இல்லை. எனக்கு இருந்தது.

அப்படியொரு செவ்வாய்க்கிழமை முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் வந்தார். அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க. படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் தன் கையாலேயே எழுதியிருந்தார்: ‘நடிப்பு. பெரியவர்கள் படம்.’

இங்கேயே எனக்குத் தகராறு தொடங்கிவிட்டது. இந்தத் தொழிலுக்கு நம்மிடம் இருக்கிற சொற்களைப் பாருங்கள். ‘ஆபாசப் படம்’ என்று எழுதினால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. ‘நீலப்படம்’ என்றால் என் அப்பா காலத்து ஆட்கள் குரலைத் தாழ்த்துவது காதில் கேட்கிறது. ‘வயதுவந்தோர் படம்’ என்று நாகரிகமாக எழுதிப் பார்த்தேன், கரும்பலகையும் சாக்பீசும் வைத்து எழுத்தறிவு வகுப்பு நடத்துகிற மாதிரி இருந்தது. கடைசியில் அவர் எழுதியதையே வைத்துக்கொண்டேன்.

2

தொடக்கங்கள்.

முதல் வரைவு: ‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் எங்கோ’

(நிறுத்திவிட்டேன். அவர் எங்கேயும் பார்க்கவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஜன்னலே கிடையாது.)

இரண்டாம் வரைவு: ‘அவள் கண்களில் சொல்லப்படாத ஒரு சோகம்’

(சோகத்தை யாரும் சொல்லவில்லை என்றால் எனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.)

மூன்றாம் வரைவில்தான் ஒன்றைக் கவனித்தேன். டாக்டர் வந்தார், வக்கீல் சொன்னார், சமூக சேவகி சிரித்தார். இவர் மட்டும் வந்தாள், சொன்னாள், சிரித்தாள். இரண்டு வரைவு முழுக்க அப்படியே இருந்தது. எனக்கு உறைக்கவே இல்லை. பெரிய முற்போக்குவாதி என்று மேடைகளில் மாலை வாங்கியவன் நான். இப்போது திருத்திவிட்டேன். திருத்தியதைச் சொல்லிக் காட்டுவதும் ஒரு அற்பத்தனம்தான், தெரிகிறது.*

* அவருடைய படங்களை நாற்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். அதில் ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. என் கடைசி நாவலை நானூறு பேர் வாங்கினார்கள். எல்லாரையும் எனக்குத் தெரியும்.

3

விசாரணைக்கு வருகிறேன்.

வக்கீல் கோப்பைத் திறக்கும்போது, “வாங்க, உட்காருங்க. அண்ணனுக்காக வந்திருக்கீங்க, ரொம்ப நல்ல விஷயம்” என்றார். பிறகு தொழில் என்ற கட்டத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “ம்... சொல்லும்மா” என்றார். ‘வாங்க’வுக்கும் ‘சொல்லும்மா’வுக்கும் நடுவில் ஒரே ஒரு தாள்தான் புரண்டது.

விசாரணையை வீடியோ எடுப்பது வழக்கம். ஆவணப் பிரிவு ஊழியர் மூலையில் காமிராவை நிறுத்தி அதோடு மல்லாடிக்கொண்டிருந்தார். தலைவர் அடையாள அட்டை கேட்டார். எல்லாரும் அட்டையை மேஜைமேல் தள்ளுவார்கள். இவர் தள்ளவில்லை. அட்டையை எடுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில், முகத்தை மறைக்காமல், விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசாதபடி கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். காமிராவை நேராகப் பார்த்துத் தேதி சொன்னார், பெயர் சொன்னார், வயது சொன்னார்.

“நான் என் சொந்த விருப்பத்துல வந்திருக்கேன். யாரும் கட்டாயப்படுத்தல. போதையில இல்ல. எதுக்கு ஒத்துக்கறேன்னு எனக்குத் தெரியும், இடது பக்கச் சிறுநீரகம் ஒண்ணு. வேற எதுக்கும் ஒத்துக்கல. எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு.”

ஊழியர் காமிராவிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“மேடம், நான் இன்னும் பட்டனையே அமுக்கல” என்றார் ஊழியர்.

“பரவால்ல சார், இன்னொரு டேக் போயிரலாம்.”

அவர் தொழிலில் அது நடைமுறையாம். ஒவ்வொரு படப்பிடிப்புக்கு முன்னாலும் அட்டையைக் கன்னத்தோரம் பிடித்து, எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று காமிராவிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விளக்கைப் போடமாட்டார்கள். ஒன்பது வருடமாகச் செய்து கை தானாகவே தூக்கிக்கொண்டது. எங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வக்கீல் தாளில் எதையோ கிறுக்கினார். எட்டிப் பார்த்தேன். ‘மனப்பாடம். நடிப்பு.’

போன மாதம் ஒரு பெண்மணி வந்திருந்தார். கணவருக்குக் கொடுக்க. எங்கள் கேள்வி ஒவ்வொன்றுக்கும் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். பாதியில் தேம்பினார். ஐந்தே நிமிடத்தில் அனுமதி கொடுத்தோம். “எவ்வளவு குடும்பப் பாங்கு!” என்று சமூக சேவகி நெகிழ்ந்துபோனார். சம்மதம் என்றால் கொஞ்சம் தடுமாற வேண்டும் போலிருக்கிறது. தெளிவாகச் சொன்னால் எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

தலைவர் தொண்டையைச் செருமினார். “உங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு, அதாவது, இந்தத் தொற்று நோய்...”

இவர் தன் பையிலிருந்து தடியான ஒரு கோப்பை எடுத்து வைத்தார். “பதினாலு நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுப்போம், டாக்டர். ரிப்போர்ட் இல்லாம செட்டுக்குள்ள விடமாட்டாங்க. ஒன்பது வருஷத்து ரிப்போர்ட் இருக்கு, எல்லாம் சுத்தம். நீங்க கடைசியா எப்ப எடுத்தீங்க?”

தலைவர் கோப்பை வாங்கிக்கொண்டார். அந்தக் கேள்வி பதிவேட்டில் ஏறவில்லை.

“அண்ணன் உன்கூட ஆறு வருஷமா பேசறதே இல்லையாமே” என்றார் வக்கீல். “பேசாத அண்ணனுக்கு எதுக்கு நீ கிட்னி தரணும்?”

“பேசறதுக்கா சார் கிட்னி? உயிரோட இருக்கறதுக்கு.”

“அப்ப அவங்க வீட்லேர்ந்து யாரும் உன்ன நெருக்கலையா?”

“அண்ணி போன் பண்ணாங்க. ஆறு வருஷம் கழிச்சு. எடுத்ததும், ‘உன் பிளட் குரூப் என்ன?’ன்னாங்க. சொன்னேன். அவ்வளவுதான்.”

சமூக சேவகிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை, அம்மாவுக்குத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உன்ன யாரோ இதுல தள்ளிவிட்டிருக்காங்கம்மா. பாவம், அது உனக்கே தெரியாம இருக்கலாம்.”

“எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?”

என் முறை வந்தது. நான் என்ன கேட்டேன் தெரியுமா? தயவுசெய்து சிரிக்காதீர்கள். “இத்தனை வருஷத்துக்கு ஒரு பிராயச்சித்தமா இதைச் செய்யறீங்களா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார் எழுத்தாளரா?”

“ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கேள்வி அழகா இருந்துச்சு.”

[அடித்துவிட்ட வரிகள்: அதைக் கேட்டதும் அவள் முகம் உடைந்தது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த கண்ணீர் கன்னத்தில் உருண்டது. “நானும் ஒரு பொண்ணுதானே சார்” என்று விம்மினாள்.]

(உடையவில்லை. உருளவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார்.)

4

இந்தப் பகுதி ஒப்பந்தப்படி நீக்கப்பட்டிருக்கிறது. ‘எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார்’ என்பது இதில் இருந்தது.

எந்த ஒப்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாம் முடிந்து பல நாள் கழித்து, மருத்துவமனைக் கேன்டீனில் நடந்தது. இங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

“நீங்க இதை எழுதத்தான் போறீங்க” என்றார்.

“சே சே, இல்லைங்க.”

“எழுதுவீங்க. மூஞ்சியிலேயே தெரியுது. அட்டையை எடுங்க.”

தன் போனை டீ கிளாசில் சாய்த்து வைத்து, என்னை அட்டையைக் கன்னத்துப் பக்கம் பிடிக்கச் சொன்னார். நான் முகத்தை மறைத்துப் பிடித்தேன். “கீழ, கொஞ்சம் கீழ. இப்ப தேதி சொல்லுங்க.” பக்கத்து மேஜையில் இட்லியோ எதையோ விழுங்கிக்கொண்டிருந்த முழுக் குடும்பமும் மெல்லுவதை நிறுத்திப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். அவரை அழ வைக்க மாட்டேன். சாக அடிக்க மாட்டேன். திருத்த மாட்டேன். சின்ன வயதில் ஏதோ நடந்தது என்று கதை கட்ட மாட்டேன். எப்படி வந்தார் என்று எழுத மாட்டேன். ஐந்தாவதற்கு அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

“பேர் என்ன போடட்டும்?” என்று கேட்டேன்.

“படத்துப் பேர் வேண்டாம். வீட்டுப் பேர் வேண்டவே வேண்டாம். அண்ணன் பூர்த்தி பண்ண ஃபார்ம்ல என்ன எழுதியிருந்தாரு?”

‘தானம் தருபவருக்கும் பெறுபவருக்கும் உறவு’ என்று ஒரு கட்டம் உண்டு. எனக்குத் தங்கையே கிடையாது என்று ஆறு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அதில் எழுதியிருந்ததைச் சொன்னேன். “தங்கை.”

“அதையே போடுங்க” என்றார்.

5

இனி தங்கை என்றே எழுதுகிறேன். இப்போது என் தப்பு.

தங்கையை வெளியே உட்கார வைத்துவிட்டு நாங்கள் பேசினோம். வக்கீல் வேண்டாம் என்றார், ஏதோ பேரம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. சமூக சேவகியும் வேண்டாம் என்றார், பாவப்பட்ட பெண்ணிடமிருந்து இன்னொன்றையும் பிடுங்குவதா என்று. ஒருவர் அவரைக் கைகாரி என்றார், ஒருவர் அப்பாவி என்றார், இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தார்கள். தலைவர் உடம்பு பொருந்துகிறது, அதனால் சரி என்றார். என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தங்கைமேல் சந்தேகமே இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சரி என்று சொன்னால் வக்கீல் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். இவன் எதற்கு இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பரிந்துகொண்டு வருகிறான் என்று. அந்தப் பார்வைக்குப் பயந்தேன், வேறு காரணமே இல்லை. அதனால் நடுநிலையாக, பண்பாக, ஒரு யோசனை சொன்னேன்: மனநல மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வரட்டும், மூன்று வாரம் கழித்து இன்னொரு அமர்வு வைப்போம். எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல யோசனை என்று தலைவர் தோளில் தட்டினார்.

அண்ணனைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இரண்டு கையிலும் ரத்த நாளம் அடைத்துப்போய்க் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள்.

முடிவைக் கேட்டதும் தங்கை தலைவரிடம், “மூணு வாரம் தாங்குமா, டாக்டர்?” என்றார்.

“பார்க்கலாம்” என்றார் தலைவர்.

ஊழியர் காமிராவை அணைத்தார். தங்கை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“முடிஞ்சுதும்மா, போகலாம்” என்றார் வக்கீல்.

“பின்னாடி ஒண்ணு எடுக்க மாட்டீங்களா?”

“என்ன பின்னாடி?”

“முன்னாடி எடுத்தீங்கல்ல. எங்க வேலையில முடிஞ்சப்புறமும் ஒரு தடவை எடுப்பாங்க. ஒத்துக்காதது ஏதாவது நடந்துச்சான்னு கேப்பாங்க.”

வக்கீல் சிரித்தார். “இங்கல்லாம் அப்படி எதுவும் நடக்காதும்மா.”

6

[மாற்று ஆறாம் பகுதி, கைவிட்டது: அன்றிரவே நான் தலைவருக்குப் போன் செய்து, என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்]

(போனும் செய்யவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு: ‘விளிம்புநிலை மனிதர்களும் நம் மௌனமும்’.)

இரண்டாவது வாரம் அண்ணனின் கழுத்துக் குழாயில் கிருமி தொற்றியது. குளிர் காய்ச்சல். நான்கு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். பிழைத்தார். அது என் புண்ணியத்தில் நடக்கவில்லை.

மூன்றாவது வாரம் தங்கை சான்றிதழோடு வந்தார். ‘மனநிலை சீராக உள்ளது’ என்று ஒரே வரி. எங்கள் நான்கு பேரில் யாரிடமும் அப்படி ஒரு தாள் இல்லை. மறுபடியும் கேள்விகள். வக்கீல் அதே ‘சொல்லும்மா’. தங்கை அதே தெளிவு. ஊழியர் அணைக்கக் கையைக் கொண்டுபோனார்.

“நிறுத்தாதீங்க” என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. தங்கையைப் பார்த்தேன். “நீங்க ஒத்துக்காதது ஏதாவது இங்க நடந்துச்சா?”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். தங்கை காமிராவைப் பார்த்தார்.

“நடந்துச்சு. கிட்னி கொடுக்கறதைப் பத்திக் கேக்க ஒத்துக்கிட்டேன். கல்யாணம் ஏன் ஆகலைன்னு கேக்க ஒத்துக்கல. எங்கம்மாவுக்குத் தெரியுமான்னு கேக்க ஒத்துக்கல. ‘நீங்க’ன்னு ஆரம்பிச்சு நடுவுல ‘நீ’ன்னு மாத்தினதுக்கு ஒத்துக்கல.” இந்த இடத்தில் காமிராவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “மூணு வாரத்துக்கு ஒத்துக்கல. அதுல நாலு நாள் எங்கண்ணன் ஐசியூல கெடந்தாரு. மத்தபடி எல்லாம் சொன்னபடிதான் நடந்துச்சு. நன்றி.”

அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அலங்காரமாக வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது.

அதைக் கேட்டு எல்லாரும் மனம் மாறினார்கள் என்று எழுத ஆசைதான். வக்கீல் மாறவில்லை. சமூக சேவகி, “பாருங்க, எவ்வளவு காயப்பட்டிருக்கா” என்று இன்னும் உறுதியானார். தலைவரும் இந்த முறை நானும் சரி என்றோம். இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு ஒரு ஆபரேஷன். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே ‘அனுமதி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நீதி அப்படித்தான் வென்றது.*

* கேள்வி கேட்ட பொதுமக்கள் பிரதிநிதிக்கு அடுத்த மாதத்திலிருந்து அழைப்பு வரவில்லை. இப்போது பொதுமக்கள் சார்பாக ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார்.

7

முடிவுகள். கைவசம் சில இருக்கின்றன.

அ) அண்ணன் இறந்துவிடுகிறார். தங்கை மயான வாசலில் நிற்கிறார், உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். (என் பதிப்பாளருக்கு இது ரொம்பப் பிடித்தது. பரிசு கிடைக்கும் என்றார்.)

ஆ) அண்ணன் கண் விழித்து, “என் தங்கச்சி!” என்று கதறுகிறார். தங்கை தொழிலை விட்டுவிட்டுத் தையல் மிஷின் வாங்குகிறார். (ஏன் எல்லாக் கதையிலும் இவர்கள் கையில் தையல் மிஷினையே கொடுக்கிறோம்? தங்கைக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. கேட்டுவிட்டேன்.)

இ) அறுவைசிகிச்சை மேஜையில்

(வேண்டாம்.)

நடந்தது இது. ஆபரேஷன் நடந்தது. இரண்டு பேரும் நலம். கொடுத்தவர் என்ன தொழில் செய்தார் என்று சிறுநீரகத்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, வைத்த உடனேயே வேலையைத் தொடங்கிவிட்டது. அண்ணன் மறுபடியும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். தங்கை நான்கு மாதம் ஓய்வெடுத்துவிட்டு ஷூட்டிங்குக்குப் போய்விட்டார். இடுப்போரம் தழும்பு இருக்கிறது, அதை மேக்கப் போட்டு மறைக்கட்டுமா என்று கேட்டார்களாம். வேண்டாம் என்றாராம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருவரையும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு அண்ணி எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

அண்ணன் பேசினாரா?

எனக்குத் தெரியும். தங்கை சொன்னார். ஒப்பந்தத்தின் ஆறாவது நிபந்தனை இதுதான்: “அண்ணன் பேசினாரா இல்லையான்னு எழுதக் கூடாது.” அட்டையைக் கன்னத்தில் பிடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். அதனால் கதவுக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன், நீங்களும் நில்லுங்கள்.

கோபம் வருகிறதா? இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டு இப்படிச் செய்கிறானே என்று? சொல்லித் தொலையேன் என்று உங்களுக்குள் இப்போது ஒன்று அரிக்கிறதல்லவா, அதே அரிப்போடுதான் நாங்கள் நான்கு பேரும் ஜன்னல் இல்லாத அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் அதற்கு விசாரணை என்று பெயர் வைத்திருந்தோம்.

8

எழுதி முடித்ததும் தங்கையிடம் கொடுத்தேன். அதே கேன்டீன், அதே மேஜை. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். வக்கீல் கண்ணாடி துடைக்கிற இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தார். நான் போனை டீ கிளாசில் சாய்த்து வைத்தேன்.

“நீங்க ஒத்துக்காதது ஏதாவது இதுல நடந்திருக்கா?”

“நடந்திருக்கு. மூணாம் பகுதியில என்னை அழ வெச்சிருக்கீங்க.”

“அது அடிச்ச வரிங்க.”

“அடிச்சாலும் படிக்க முடியுதே.”

கைவிட்ட வரிகளைத் தெரியும்படி விடுவது ஒரு உத்தி என்று விளக்க நினைத்தேன், அந்தச் சொல்லை அவர் எதிரில் எடுக்கவே கூச்சமாக இருந்தது.

“எடுத்துடட்டுமா?”

தங்கை யோசித்தார். கிளாசில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார்.

“வேண்டாம், இருக்கட்டும்” என்றார். “படிக்கறவங்கள்ல எத்தனை பேர் அந்த வரியைத்தான் நம்பறாங்கன்னு பாப்போம்.”